சி.ஆர்.ஹெச்.: மூளை அனுப்பும் முதல் சேதி (கேள்வி பதில்)

டாக்டர், மன அழுத்த ஹார்மோன் என்று சொல்லப்படும் கார்டிசால் தெரியும். சி.ஆர்.ஹெச். என்று ஒன்று இருப்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அது என்ன?

கார்டிகோட்ரோபின் ரிலீசிங் ஹார்மோன் என்ற பெயரின் சுருக்கம் அது. 41 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு பெப்டைடு. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் இதைச் சுரந்து, கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு அனுப்புகிறது. பிட்யூட்டரி உடனே ஏ.சி.டி.ஹெச். என்ற இன்னொரு ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை எட்டியதும் கார்டிசால் வரும். காய்ச்சல், அடிபடுதல், பட்டினி, பயம் என்று எது வந்தாலும் இந்த வரிசை மாறாது. எல்லோரும் கடைசியில் வரும் கார்டிசாலைத் திட்டுகிறார்கள். ஆனால் அது இல்லாமல் ஒரு சாதாரணக் காய்ச்சலைக்கூட உடம்பால் தாங்க முடியாது.

திடீரென்று பயந்தால் நெஞ்சு படபடக்கிறதே, அதுவும் இதன் வேலையா?

அது அட்ரினலினும் நரம்புகளும் செய்வது, நொடிகளில் நடந்துவிடும். சி.ஆர்.ஹெச். வழி கொஞ்சம் நிதானமானது. கார்டிசால் உச்சத்துக்கு வர 20 முதல் 30 நிமிடம் ஆகும்.

ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.ஹெச். அளவு பார்க்கலாமா?

பார்த்துப் பயனில்லை. ஹைப்போதலாமஸுக்கும் பிட்யூட்டரிக்கும் நடுவே தனியாக ஒரு குட்டி ரத்தக்குழாய் வலை இருக்கிறது. சி.ஆர்.ஹெச். அதிலேயே போய்ச் சேர்ந்துவிடும். கையில் எடுக்கும் ரத்தத்துக்கு மிகச் சொற்பமே வரும். அதனால்தான் நாங்கள் கார்டிசாலையும் ஏ.சி.டி.ஹெச்.சையும் பார்க்கிறோம். கார்டிசால் விடியற்காலையில் ஏறி, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். ரத்தம் எடுத்த நேரம் குறிக்கப்படாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. இரவு வேலை பார்ப்பவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அம்மா மூட்டுவலிக்காக ஏழு மாதமாகப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது வலி இல்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு இருந்தால் ஹைப்போதலாமஸ் சி.ஆர்.ஹெச். சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பிரெட்னிசலோனும் கார்டிசால் மாதிரியேதான் வேலை செய்யும். மாத்திரையாக வந்ததா, சுரப்பியிலிருந்து வந்ததா என்று மூளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 'தேவைக்கு இருக்கிறது' என்று மாதக்கணக்கில் சேதி அனுப்பாமல் இருந்துவிடும். ஏ.சி.டி.ஹெச். வராததால் அட்ரினல் சுருங்கிப் போகும். அந்த நிலையில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், உடம்பில் உள்ளதும் இல்லை, வெளியிலிருந்து வருவதும் இல்லை. சோர்வு, வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குவது என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதனால்தான் படிப்படியாகக் குறைக்கிறோம். மேலிருந்து கீழ்வரை மூன்று சுரப்பிகளும் பழையபடி விழித்துக்கொள்ளச் சிலருக்கு வாரங்கள் போதும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். எவ்வளவு குறைப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மருந்து எழுதியவரே முடிவு செய்யட்டும். இன்னொன்று: இடையில் கடும் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கும். எப்படி என்று இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வயிற்றில் தங்காத அளவுக்கு வாந்தி எடுத்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், ஸ்டீராய்டு சாப்பிடுபவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நிறுத்திய பிறகும் பல மாதங்களுக்கு அதைச் சொல்வது நல்லது.

கல்லூரி மாணவி நான். இதைக் கண்டுபிடித்தது யார்?

இப்படி ஒரு பொருள் இருந்தே ஆக வேண்டும் என்று 1955-லேயே தெரிந்துவிட்டது. ரோஜர் கில்லமன் ஒரு பக்கம், சாஃப்ரானும் ஆண்ட்ரூ ஷாலியும் இன்னொரு பக்கம், தனித்தனியாகக் காட்டினார்கள். ஆனால் அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. கில்லமனும் ஷாலியும் ஹைப்போதலாமஸின் வேறு ஹார்மோன்களைப் பிரித்தெடுத்து 1977-ல் நோபல் பரிசே வாங்கிவிட்டார்கள், முதலில் தேடியது மட்டும் சிக்கவில்லை. 1981-ல் சால்க் ஆய்வு நிலையத்தில் வைலி வேல் குழுவினர் ஆட்டு மூளைகளிலிருந்து அதைப் பிரித்து, 41 அமினோ அமிலங்களின் வரிசையையும் சொன்னார்கள். 26 வருடப் பொறுமை! நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

கர்ப்ப காலத்தில் இது கூடும் என்கிறார்களே, பயப்பட வேண்டுமா?

வேண்டாம். நஞ்சுக்கொடியே சி.ஆர்.ஹெச். சுரக்கும். மூளையில் கார்டிசால் இதன் சுரப்பைக் குறைக்கிறது, நஞ்சுக்கொடியிலோ கூட்டிவிடுகிறது. ஆனால் ரத்தத்தில் இதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதம் இருப்பதால் பெரும்பகுதி வேலை செய்யாமலே கிடக்கும். கடைசி வாரங்களில் அந்தப் புரதம் குறைவதால், பிரசவ நேரத்தோடு இதற்குத் தொடர்பு இருக்கும் என்று கருதுகிறார்கள்.

அப்படியானால் சி.ஆர்.ஹெச்.சைத் தடுத்தால் மன அழுத்தம் தீர்ந்துவிடுமே?

அப்படி நம்பித்தான் மருந்துகளைச் செய்து மனச்சோர்வு உள்ளவர்களிடம் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஆனால் அதே வழியில் வந்த கிரினெசர்ஃபான்ட் என்ற மருந்து, பிறவியிலேயே கார்டிசால் சரியாகச் சுரக்காத ஓர் அட்ரினல் நோய்க்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த நோயில் ஏ.சி.டி.ஹெச். எகிறி, ஆண் ஹார்மோன்கள் அளவுக்கு மீறிச் சுரக்கும். இந்த மருந்து பிட்யூட்டரியில் சி.ஆர்.ஹெச். ஒட்டும் இடத்தை அடைத்து ஏ.சி.டி.ஹெச்.சைக் குறைக்கிறது. கார்டிசாலுக்குப் பதிலான ஸ்டீராய்டை அவர்கள் தொடர்ந்து சாப்பிடத்தான் வேண்டும், ஆனால் குறைந்த அளவு போதும். சிறு வயதிலிருந்தே அதிக ஸ்டீராய்டோடு வளரும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.