மாத்திரைத் தூள் டையில் (மாத்திரையை அழுத்தி வடிக்கும் அச்சுக்குழியில்) சீராக இறங்காவிட்டால் எதை அளப்பது, எதை மாற்றுவது?

மாத்திரையின் எடை ஏறி இறங்கும்போது எந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் தூளின் ஓட்டத்தை அளந்து பார்ப்பது நல்லது; ஏனெனில் டை நிரம்புவது கன அளவால்தான், எடையால் அன்று. அளவுசாடியில் தட்டாமல் இட்டபோது 100 மில்லி இடத்தை அடைத்த தூள், தட்டத் தட்ட 75 மில்லிக்கு இறங்கி அதன்பின் அசையாமல் நின்றால், அதன் கார் குறியீடு (தட்டியதில் குறைந்த கன அளவின் பங்கு) 25 சதவீதம், ஹாஸ்னர் விகிதம் (தட்டுமுன் இருந்த கன அளவைத் தட்டியபின் உள்ளதால் வகுத்தால் கிடைப்பது) 1.33. அமெரிக்க மருந்தியல் தொகுப்பின் 1174ஆம் அத்தியாயத்தின்படி இது ஒப்பேற்றத்தக்க ஓட்டத்தின் கடைசி எல்லை. கார் குறியீடு 15க்குள் இருந்தால் நல்லது. குவியலின் சாய்வுக் கோணத்தையும் அளக்கலாம் (30 பாகைக்குள் மிக நன்று), ஆனால் புனலின் உயரமும் அடித்தட்டும் மாறினால் கோணமும் மாறிவிடுவதால், வேறொரு ஆய்வகத்தின் எண்ணோடு அதை ஒப்பிடுவதில் பயனில்லை.

ஓட்டத்தைச் சீராக்கப் பலரும் முதலில் கூழ்ம சிலிக்காவையே நாடுகிறார்கள். துகள்களின் மேல் படிந்து அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கிவைக்கும் அதற்கு, பெரும்பாலும் 0.1 முதல் 1 சதவீதமே போதும். ஆனால் தூள் எந்திரத்தில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் உயவுப்பொருளான மெக்னீசியம் ஸ்டியரேட்டைக் கூட்டுவதும் நெடுநேரம் கலக்குவதும் மாத்திரையை மென்மையாக்கிக் கரைதலையும் தாமதப்படுத்தும். மருந்து மிக நுண்ணிய தூளாகவும் அளவில் பெரும்பங்காகவும் இருந்தால், நுண்துகள்களை ஒன்றுசேர்த்துப் பெரிய மணிகளாக்கும் குருணையாக்கமே என் பார்வையில் சரியான வழி.