பினாங்குல ஒரு நாள்: ஸ்டடி டிரிப் போற புள்ளைங்க கேளுங்க, சொல்றேன்

ஆர்க்கிடெக்சர் படிக்கிற பசங்கள மலேசியால இருக்கிற பினாங்கு ஜார்ஜ்டவுனுக்கு கூட்டினு போய் வர்ற ஆளு நானு, வூடு நம்ம சென்னை தண்டையார்பேட்ட. அடுத்த பேட்ச் கெளம்பப்போவுது, டவுட்டு இருந்தா கேளுங்க.

கேள்வி (வண்ணாரப்பேட்டை): அண்ணா, ஜார்ஜ்டவுன் நம்மூர்லயே இருக்கே, அதுக்கு எதுக்கு ஃப்ளைட் ஏறி போவணும்?

நல்லா கேட்ட போ. அங்க போனா நம்ம மண்ணடி, சௌகார்பேட்ட இன்னும் நல்லா புரியும், அதுக்குத்தான். ரெண்டும் ஈஸ்ட் இந்தியா கம்பெனிக்காரன் போட்ட துறைமுக ஊரு, பினாங்கு ஊரு 1786ல பிரான்சிஸ் லைட்ன்ற வெள்ளக்காரன் எறங்கி ஆரம்பிச்சது, 2008ல மலாக்கான்ற இன்னொரு மலேசிய ஊரோட சேத்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய லிஸ்ட்ல வந்துச்சு. கீழ கடை, மேல வூடுன்னு இருக்கிற கடைவூடுங்கள பாரு, முன்னாடி ஒடுக்கமா இருக்கும் உள்ள போனா நீளமா போயினே இருக்கும், நடுவுல வெளிச்சத்துக்கும் காத்துக்கும் மேல தொறந்த முற்றம், வாசல்ல வெயிலு மழை படாம நடக்க அஞ்சடி நடைபாதை. காலைல ஒரே ஒரு வூட்ட மட்டும் எடுத்து அளந்து வரை, போதும். பழைய சொவுத்துல சுண்ணாம்பு பூச்சு இருக்கும், ஈரம் உள்ள ஏறுனாலும் வெளிய வந்துரும், அதுமேல சிமெண்ட்ட அப்புனா ஈரம் உள்ளயே மாட்டிக்கினு பூச்சு உப்பி உதுரும். மண்ணடில எத்தினி சொவுரு அப்டி நாசமாச்சுன்னு திரும்பி வந்து பாத்தா தெரியும்.

கேள்வி (காசிமேடு): மீனு கெடைக்குமா ண்ணா? ரெண்டு நாள் மீனு இல்லன்னா எனக்கு சோறு எறங்காது.

உனக்குன்னே அசாம் லக்சான்னு ஒன்னு இருக்கு. கானாங்கெளுத்திய வேக வச்சு உதுத்து புளிப்பா ஒரு கொழம்பு, அதுல தடி அரிசி நூடுல்ஸ், மேல புதினா, அன்னாசி, வெள்ளரி, கடைசியா ஒரு ஸ்பூன் கருப்பா எறா பேஸ்ட். மொத வாய்ல மூஞ்சி சுளிப்ப, மூணாவது வாய்ல இன்னொரு கிண்ணம் கேப்ப. மத்தியானம் நாசி கந்தார். நம்ம பக்கத்து முஸ்லிம் ஆளுங்க தோள்ல தடி வச்சு ரெண்டு பக்கமும் சோறு கொழம்பு தொங்கவுட்டு வித்த சாப்பாடு அது, நாலஞ்சு கொழம்ப கலந்து ஊத்த சொல்லு, தனித்தனியா வாங்குறது வேஸ்ட்டு. சாய்ந்தரம் செண்டோல், தேங்காப்பாலு வெல்லப்பாகு ஐஸு, வெயிலுக்கு சோக்கா இருக்கும்.

கேள்வி (வியாசர்பாடி): நாங்க பர்மா நூடுல்ஸ் அத்தோ, வாழத்தண்டு சூப்புலயே வளந்தவங்க, அந்த டேஸ்ட் வருமா?

வராது. அத்தோவ மறந்துட்டு சாப்டு.

கேள்வி (ராயபுரம், ஒரு அம்மா): தம்பி, எம்பொண்ணு சைவம், பட்டினி கெடக்குமோன்னு கவலையா இருக்கு.

கவலப்படாதீங்கக்கா. அங்க லிட்டில் இந்தியான்னு நம்மாளுங்க ஏரியால எல சாப்பாடு, தோச எல்லாம் இருக்கு, தமிழ்லயே கேட்டு வாங்கலாம். ரோட்டு கடைல மட்டும் உஷாரு, சார் குவே தியாவ்னு நூடுல்ஸ் வறுப்பான், பாக்க வெறும் நூடுல்ஸ் மாதிரி தெரியும், பல கடைல பன்னிக் கொழுப்புல தான் வறுக்கிறது. வாய தொறந்து கேக்க சொல்லுங்க.

கேள்வி (திருவொற்றியூர்): ஒரு நாள்ல ஹில்லு, கோயிலு, மியூசியம், பீச்சு எல்லாம் முடிக்கலாமா?

முடிக்கலாம், ஒன்னும் மனசுல நிக்காது. ஹில்ல இன்னொரு நாளைக்கு தள்ளு, வின்ச் ரயிலு க்யூலயே பாதி நாளு பூடும். கப்பித்தான் கெலிங் மசூதி தெருவுல நடந்தா போதும், 1801ல நம்ம பக்கத்து முஸ்லிம் வியாபாரிங்க ஆரம்பிச்ச மசூதி, சீனக்காரங்க குவான்யின் கோயிலு, 1818 செயின்ட் ஜார்ஜ் சர்ச்சு எல்லாம் அந்த ஒரே நடைல வந்துரும், பக்கத்து குவீன் தெருவுல 1833 மாரியம்மன் கோயிலு. வெயிலு தாழ்ந்ததும் கடலுக்குள்ள கட்ட ஊனி கட்டுன சியூ ஜெட்டின்ற படகுத்துறைக்கு போ. சியூன்ற ஒரே குடும்பப் பேரு வச்ச சீனக்காரங்க குப்பமா வாழுற எடம் அது, இன்னும் ஆளுங்க குடியிருக்காங்க. நம்ம குப்பத்துல எவனாவது வந்து வூட்டுக்குள்ள கேமராவ நீட்டுனா நாம சும்மா வுடுவமா? அங்கயும் அப்டிதான், வாசலோட நில்லு.

கேள்வி (எண்ணூர்): விசா, சார்ஜர் பத்தி சொல்லுங்க.

இப்போதைக்கு நம்மாளுங்களுக்கு 30 நாள் வரைக்கும் டூருன்னா விசா வேணாம், காலேஜ் டிரிப்புக்கும் அதே தானான்னு ஆபீஸ்ல ஒருதபா கேட்டுக்க. மலேசியாவுக்குள்ள நொழைய எம்டிஏசின்னு ஆன்லைன் ஃபார்ம், போய் எறங்குறதுக்கு முன்னாடி 3 நாளைக்குள்ள போடணும், அது ஃப்ரீ, காசு கேக்குற சைட்டெல்லாம் டுபாக்கூர். மணி நம்மளவிட ரெண்டர அவரு முன்னாடி. நம்ம பிளக்கு அங்க சொருவாது, கட்ட கட்டயா மூணு காலு. பர்மா பஜார்ல அடாப்டர் வாங்கிடு, மொத சொன்ன வெலைக்கு தலையாட்டாத.