ஜி.பி.எஸ். வாங்க முன் மாட்டின் முதுகைப் பாருங்கள்

கேள்வி: நான் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்து வேலைக்குப் போகிறேன். அப்பாவுக்கு மட்டக்களப்புப் படுவான்கரையில் 85 நாட்டுமாடு இருக்கிறது. பெரும்போக விதைப்புக்கு முன் வயல்வெளியை விட்டு மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போய், அறுவடை முடிந்தபின் திரும்பக் கொண்டுவருவோம். சென்ற மாரியில் ஒரு கிழமை மழைக்குள் நான்கு பசுவும் ஒன்பது கன்றும் செத்துவிட்டன. இரண்டு நாம்பனை (இளங்காளையை)க் காணவில்லை. புறக்கோட்டையில் ஒரு கடையில் கழுத்தில் கட்டும் ஜி.பி.எஸ். கருவி ஒன்று 22,000 ரூபாய், இருபது எடுத்தால் கழிவு என்கிறார்கள். மாட்டின் உடல் வெப்பத்தையும் காட்டுமாம், குளிர் பிடித்தால் போனுக்கு எச்சரிக்கை வருமாம். வாங்கலாமா? மழைக்கு முன் போட ஊசி ஏதும் உண்டா?

பதில்: தம்பி, இருபது வேண்டாம். இரண்டு மூன்று போதும். மாடு கூட்டமாகத்தான் நடக்கும். முன்னுக்குப் போகும் கிழட்டுப் பசு எது, அடிக்கடி பிரிந்து போகும் நாம்பன் எது என்பது அப்பாவுக்குத் தெரியும். அவற்றின் கழுத்தில் கட்டினால் மற்றவை எங்கே நிற்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.

அந்த இரண்டு மூன்றையும் உடனே வாங்கிவிடாதீர்கள். கருவி தான் நிற்கும் இடத்தைச் செய்மதியிலிருந்து எங்கேயும் அறிந்துகொள்ளும். ஆனால் அதை உங்களுக்கு அனுப்பத் தொலைபேசிக் கோபுரம் வேண்டும். கடைக்காரர் எந்தக் கம்பனி சிம் போடுகிறாரோ அதே சிம்மை ஒரு சாதாரண போனில் போட்டு அப்பாவிடம் கொடுங்கள். பட்டி அடைக்கும் இடம், தண்ணீர் காட்டும் இடம், ஆற்றுப் பள்ளம் மூன்றிலும் பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை உங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பட்டும். பாதிகூட வந்து சேராவிட்டால் அந்தக் கருவி உங்களுக்கு உதவாது. சிக்னல் இல்லாத நேரத்துப் பதிவைச் சேமித்துவைத்துப் பிறகு அனுப்புமா என்றும் கடையில் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

பற்றரிதான் பெரிய சிக்கல். மணிக்கு ஒரு தடவை இடத்தைச் சொல்லும்படி வைத்தால் பற்றரி நிற்கும், ஆனால் மாடு வயலுக்குள் இறங்கி முக்கால் மணி நேரம் மேய்ந்த பிறகும் உங்களுக்குச் செய்தி வராது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால் சீக்கிரம் இறங்கிவிடும். காட்டில் மாட்டைப் பிடித்துச் சார்ஜ் போடுவது யார்? சோலர் உள்ளது என்றால், முகில் மூடிக்கிடக்கும் அந்த மாரிக் கிழமையில்தான் அது சோரும்.

உடல் வெப்பத்தைக் காட்டும் என்பது வெறும் வியாபாரப் பேச்சு. கழுத்துக்கு வெளியே கட்டிய கருவி நனைந்த மயிரையும் காற்றையும்தான் அளக்கும். மாட்டின் உடல் வெப்பத்தைக் குதத்தில் வெப்பமானி வைத்தே அறியலாம். அப்படியே எச்சரிக்கை வந்தாலும், நடு இரவில் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு என்ன செய்வீர்கள்?

ஒரு விடயத்துக்கு அந்த இரண்டு மூன்று கருவியும் உண்மையில் பெறுமதி. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் போராட்டம் தொடங்கினார்கள். எந்த மாதம் எந்த வழியாக மாடு போனது, எங்கே மேய்ந்தது என்று திகதியோடு பதிந்த வரைபடம் கையில் இருந்தால், அது மேய்ச்சல் தரைதான் என்று அலுவலகங்களில் பேச உதவும். அந்தப் பதிவை வருடக்கணக்காக அழியாமல் வையுங்கள்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். செத்த நான்கு பசுவும் என்ன உடம்போடு மழைக்குள் போயின?

2022 டிசெம்பரில் மண்டூஸ் புயல் வங்கக்கடலில் கடந்து போனபோது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடு, ஆடுகள் செத்தன. தொற்று என்று பலர் பயந்தார்கள். காரணம் குளிர் அதிர்ச்சி. மயிர் காய்ந்திருக்கும் வரை மாடு குளிரைத் தாங்கும். நனைந்து, காற்றும் அடித்தால், நல்ல உடம்புள்ள மாட்டுக்கே 15 பாகை அளவில் சிரமம் தொடங்கிவிடும். எலும்பும் தோலுமாக நிற்கும் மாட்டுக்கு அவ்வளவு குளிர்கூடத் தேவையில்லை, உள்ளே எரிக்கக் கொழுப்பு இல்லை. மொங்கோலியாவில் இடம்மாறி மேய்ப்பவர்கள் இந்தப் பேரழிவை ‘சூட்’ என்கிறார்கள். கோடை வரட்சியில் மெலிந்த மந்தை அடுத்து வரும் கடுங்குளிரில் விழும். 2009–10 குளிர்காலத்தில் அங்கே 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. பனி வேறு, மழை வேறு, ஆனால் கணக்கு ஒன்றுதான்.

உங்கள் மாடு மெலிவது மாரியில் அல்ல, கச்சான் என்ற வரண்ட காற்று அடிக்கும் ஓகஸ்ட், செப்டெம்பரில். புல் காய்ந்துவிடும், சிறுபோக வயலுக்குள் விடமாட்டார்கள். வரட்சி நீண்டு, பிறகு மழை ஒரேயடியாகக் கொட்டும் வருடங்களில் அந்த மெலிவோடுதான் பட்டி மாதவணைக்கு நடக்கிறது. ஆகவே ஓகஸ்ட் நடுவில் ஒவ்வொரு மாட்டையும் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பத்தடி தள்ளி நின்றே மூன்றுக்கு மேல் விலா எண்ண முடிந்தால் அந்த மாட்டைத் தனியே பிரிக்க வேண்டும். பிடிக்கக்கூடிய மாடென்றால், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே முதுகுத்தண்டின் ஓரம் உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கட்டும். எலும்பு நுனிகள் ஒவ்வொன்றாகக் கூராகக் குத்தினால் அது மாரியைத் தாங்காது. சினைப்பசு, கறவைப்பசு, கிழடு, நாகு (இன்னும் ஈனாத இளம்பசு) என்று 85இல் ஏறக்குறைய 25 சேரும். தீனி அவற்றுக்குத்தான், முழுப் பட்டிக்கும் அல்ல.

தீனி என்றால் கடைத் தவிடு அல்ல, யூரியா ஊறிய வைக்கோல். மார்ச்சில் அறுவடை இயந்திரம் வயலில் விட்டுப்போகும் வைக்கோலை எரிப்பதற்கு முன் வாங்கிக் கட்டுங்கள். 25 மாடு, நாளுக்கு 4 கிலோ, 45 நாள் என்றால் 4,500 கிலோ. பட்டி போகும் வழியில் மேட்டுநிலம் ஒன்றில் குவித்து மூடிவையுங்கள். மாடு நடந்தாலும் வைக்கோல் நடக்கத் தேவையில்லை. ஊறவைப்பது 500 கிலோ 500 கிலோவாக: 20 கிலோ யூரியாவை 300 லீற்றர் தண்ணீரில் முற்றாகக் கரையுங்கள். தறப்பாள் மேல் அரை முழத்துக்கு வைக்கோல் பரப்பி, பூவாளியால் தெளித்து, காலால் மிதித்து, அடுத்த அடுக்கு. மேலே தறப்பாளை இழுத்து ஓரமெல்லாம் மண் போட்டு 21 நாள் காற்றுப் போகாமல் மூடிவிடுங்கள். திறக்கும்போது வைக்கோல் மஞ்சள் பழுப்பாகி, கண் எரியும் மணம் வர வேண்டும். மணம் இல்லை, பூஞ்சணம் இருக்கிறது என்றால் தறப்பாளில் ஓட்டை. பூஞ்சணம் பிடித்ததை வீசுங்கள். அன்றன்று கொடுப்பதை முதல்நாள் இரவே எடுத்து ஆறவிட்டு, ஒரு கிலோவில் தொடங்கி ஒரு கிழமையில் நான்குக்குக் கொண்டுவாருங்கள்.

100 கிலோவுக்கு 4 கிலோவுக்கு மேல் யூரியா போடச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இதைக் காட்டவே கூடாது. யூரியா கரைத்த வாளியை மாடு குடித்தால் அரை மணி நேரத்துக்குள் நடுங்கி, நுரை தள்ளி, வயிறு ஊதும். 2 முதல் 3 லீற்றர் வினாகிரியை அதேயளவு குளிர்ந்த தண்ணீரில் கலந்து, மாடு நிற்கும்போதே மெல்லப் பருக்கிவிட்டு வைத்தியரைக் கூப்பிட வேண்டும். வினாகிரிப் போத்தல்கள் எப்போதும் பட்டியில் இருக்கட்டும்.

பட்டி அடைக்கும் இடம் தண்ணீர் நிற்காத மேடாக, வாடைக்காற்றுப் பக்கம் மரமோ கிடுகு வேலியோ உள்ளதாக இருக்க வேண்டும். ஆறடிக் கிடுகு வேலி ஐம்பது அறுபது அடி தூரத்துக்குக் காற்றை மட்டுப்படுத்தும். வேலிக்குப் பதிலாகத் தறப்பாளை நெட்டுக்குக் கட்டினால் ஒரே இரவில் கிழிந்துவிடும். கிடுகில் காற்று கொஞ்சம் ஊடே போவதால்தான் அது நிற்கிறது.

கொழும்பில் இருக்கும் உங்களுக்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. ஒக்டோபர் தொடங்கி ஜனவரி முடியும் வரை தினமும் மாலையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பாருங்கள். கிழக்கில் பலத்த மழையும் காற்றும் சேர்ந்து சொல்லியிருந்தால், அப்பா சிக்னல் உள்ள இடத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். அன்றே பட்டியை மறைவுக்குள் சாய்க்கலாம். அந்த நாட்களில் பால் கறக்காமல் முழுவதையும் கன்றுக்கு விட வேண்டும்.

ஊசி: குளிருக்கு ஊசி கிடையாது. மழைக்கு முன் ‘தெம்பு ஊசி’ என்று போத்தல் போத்தலாக விற்கும் வைற்றமின் மருந்து மெலிந்த மாட்டுக்குக் கொழுப்பு வைக்காது. வேண்டியது தொண்டை அடைப்பான் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும்தான். இரண்டையும் பட்டி வயல்வெளியில் நிற்கும் செப்டெம்பரிலேயே அரச கால்நடை வைத்தியரைக் கொண்டு முடித்துவிடுங்கள். விழுந்து கிடக்கும் கன்றின் வாயில் பால் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். சாக்கால் தேய்த்துக் காயவைத்து, நெருப்பருகில் சூடேற்றி, தலை தூக்கித் தானாக உறிஞ்சத் தொடங்கிய பிறகே தாயிடம் விடுங்கள்.