மென்னமிலமும் உங்கள் காரும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் கழுவியதிலிருந்து என் கறுப்புக் காரில் வெள்ளைப் பொட்டுகள். சிட்ரிக் அமிலம் போட்டால் பெயின்ட் போய்விடாதா?

போகாது தம்பி, வெயிலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பொட்டு பெரும்பாலும் கல்சியம் காபனேட். கேத்தலின் அடியில் படிவதும் அதுதான். சோப்புக்கு அசையாது, அமிலத்தில் கரையும். 20 கிராம் தூளை ஒரு லீட்டர் தண்ணீரில் கரைத்தால் ஏறக்குறைய 2 சதவீதம். அதில் துணியை நனைத்துப் பொட்டின்மேல் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கொழும்பு மத்தியான வெயிலில் போனட்டில் கைவைக்க முடியாது. அந்தச் சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போகும், அமிலம் போகாது. மிஞ்சும் துளி நிமிடத்துக்கு நிமிடம் செறிவு கூடி மேல்பூச்சை அரிக்கத் தொடங்கும். அதனால் காலையில், நிழலில், ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் என்று செய்யுங்கள். வக்ஸ் பூசியிருந்தால் அது நலியலாம், பிறகு திரும்பப் பூசுங்கள். பொட்டு ஏற்கெனவே குழியாகிவிட்டதென்றால் அமிலம் உதவாது, பொலிஷ்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: சமையல் வினாகிரி போதாதா?

கண்ணாடிக்குப் போதும், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடையுங்கள். பூச்சில்லாத அலுமினிய ரிம்மில் மட்டும் வேண்டாம், மங்கிப்போகும்.

தெஹிவளையிலிருந்து: ரிம் கழுவ என் கணவர் லேபல் இல்லாத போத்தல் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். 'மென்னமிலம்தான், பயமில்லை' என்றார்களாம்.

தங்கச்சி, அதைத் திறக்கவே வேண்டாம். மென்னமிலம் என்றால் தண்ணீரில் முழுதாக அயன்களாக, அதாவது மின்னேற்றமுள்ள துணிக்கைகளாகப் பிரியாத அமிலம், அவ்வளவுதான். தோலுக்கு நல்லது என்று அர்த்தமில்லை. சில ரிம் கிளீனர்களில் சேரும் ஐதரோபுளோரிக் அமிலமும் வேதியியல் கணக்கில் மென்னமிலமே. ஐதாக இருந்தால் தோலில் பட்டவுடன் வலிக்காது, சில மணித்தியாலம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் உள்ளே ஊடுருவி உடம்பின் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கூடுதலாகப் பட்டால் இதயத் துடிப்பையே குழப்பும். கையில் பட்டிருந்தால் வலிக்காக் காத்திருக்காமல் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ரிம் கிளீனர் என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அதற்கென்று தனி மருந்து உண்டு.

பம்பலப்பிட்டியிலிருந்து: பிளாட்டின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில்தான் கார் கழுவுகிறேன். தரைக்கு ப்ளீச், காருக்கு அமிலம். சரிதானே?

ஒரே நேரத்தில் ஒருபோதும் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடப் பாரமானது, நிலக்கீழ்த் தளத்தில் அப்படியே தங்கிவிடும்.

வத்தளையிலிருந்து: பற்றரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைத் தூளுக்கும் சிட்ரிக் போடலாமா?

அது கந்தக அமிலக் கசிவால் வருவது, இன்னோர் அமிலம் எதற்கு? முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள், அப்புறம் மற்றது. அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பற்றரி மூடிகளுக்குள் இறங்காமல் பழைய பல் பிரஷால் தேயுங்கள்.