கவிதைக்கு நயம் பாராட்டி எழுதுவது எப்படி?

கவிதையின் பொருள் புரிகிறது, ஆனால் நயம் பாராட்டச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கவிதை என்ன சொல்கிறது என்பதோடு நின்றுவிட்டால் அப்படித்தான் ஆகும். எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள்.

முதலில் வாய்விட்டுப் படியுங்கள். யார் யாரிடம் பேசுகிறார் என்று பிடித்துக்கொண்டு, மையக்கருத்தை ஓரிரு வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். அப்புறம்தான் உண்மையான வேலை.

குறுந்தொகையின் 40ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்று தலைவன் தலைவியிடம் கேட்கிறான். தாயர், தந்தையர், பிறகு ‘யானும் நீயும்’ என மூன்று கேள்விகள். முன்பு உறவே இல்லை என்று சொல்லிக்கொண்டே கேள்விகள் அவர்கள் இருவரையும் நெருங்கி வருகின்றன. அதன்பிறகே ‘செம்புலப் பெயனீர் போல’ என்ற உவமை. செம்மண்ணில் விழுந்த மழையில் நீர் எது, மண்ணின் நிறம் எது என்று பிரித்துக் காட்ட முடியாது. அப்படித்தான் எங்கோ இருந்த இருவரின் நெஞ்சங்களும் கலந்துவிட்டன என்கிறான். ‘உவமையணி வந்துள்ளது’ என்று மட்டும் எழுதினால் இந்த அழகு எதுவும் வெளியே வராது. ஏன் இந்த உவமை, ஏன் கடைசியில் என்று எழுதுங்கள்.

எதுகைக்கும், அதாவது சொற்களில் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவதற்கும், இதே கேள்விதான். யாயும்–ஞாயும், எந்தையும்–நுந்தையும்: என் தாயையும் உன் தாயையும், என் தந்தையையும் உன் தந்தையையும் ஒலி முன்கூட்டியே சேர்த்துவைத்துவிடுகிறது! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பு ஒரு வரி போதும். குறை தோன்றினால் தயங்காமல் சொல்லலாம். எந்த வரி, ஏன் என்று காட்டிச் சொல்லுங்கள்.