வாரத்தில் ஒரு மணி நேரம் போதும்: மலேசியாவின் பினாங்கு மாநில வேலைக் கணக்கு பற்றி வாசகர் கேள்விகள்

ஓட்டல், உணவகத் துறையில்தான் வேலை வேகமாகக் கூடுகிறது என்று செய்தியில் வந்தது. எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த தம்பியை ஓட்டல் டிப்ளோமாவில் சேர்க்கலாமா? (பாயான் பாரு)

சதவீதத்தைப் பார்த்தவுடன் "எந்த இடத்திலிருந்து?" என்று கேட்டுவிடுங்கள். 2020 மார்ச் 18-ல் கோவிடுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. எல்லை முழுதாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆனது. அந்த இரண்டு வருடமும் பத்து ஃபெரிங்கி கடற்கரை எப்படிக் கிடந்தது என்று உங்களுக்கே தெரியும். ஒரு பேச்சுக்கு, 100 பேர் வேலை பார்த்த ஓட்டலில் 40 பேர் மிஞ்சினார்கள், பிறகு 60 ஆனார்கள் என்று வைப்போம். செய்தியில் அது 50 சதவீத வளர்ச்சி. பழைய ஆட்களில் 40 பேருக்கு இன்னும் இடமில்லை. ஆகவே போன வருடத்தோடு மட்டும் ஒப்பிடாமல் 2019-ஐயும் பக்கத்தில் வையுங்கள். தம்பிக்குச் சமையலறை பிடிக்குமென்றால் தாராளமாகச் சேரட்டும். சதவீதத்துக்காகச் சேர வேண்டாம்.

சிப் கம்பெனி இன்டெல் 3,000 கோடி வெள்ளி (ரிங்கிட்) போடுகிறது என்று 2021-ல் அறிவித்தார்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒருவருக்குக்கூட அதில் வேலை கிடைக்கவில்லையே? (பட்டர்வொர்த்)

முதலீடு வேறு, வேலை வேறு. அந்தத் தொகையே பத்து வருடக் கணக்கு. அதில் பெரும்பகுதி கட்டடத்துக்கும் எந்திரத்துக்கும் போகும். முதலில் ஆள் எடுப்பது கட்டுமானத் துறை. வேலை முடிந்ததும் அந்த எண்ணிக்கை இறங்கிவிடும். பேக்டரி ஆள் எடுப்பது அதற்குப் பிறகுதான், அதுவும் சந்தை சரியாக இருந்தால். 2023-ல் உலக அளவில் சிப் விற்பனை சுமார் 8 சதவீதம் விழுந்தது. அந்த மாதிரி வருடத்தில் கம்பெனிகள் முதலில் ஓ.டி.யை நிறுத்தும், அப்புறம் புது ஆள் எடுப்பதை நிறுத்தும்.

1972-ல் பாயான் லெப்பாஸில் இன்டெல், ஹியூலட் பேக்கார்ட் எல்லாம் வந்தபோது கதை வேறு. 1969-ல் பினாங்கு சுங்கவரியில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்து, ஊரே வேலையில்லாமல் தவித்த காலம் அது. என் சித்தி அப்போது மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டும் வேலை செய்தார். ஒரு மைக்ரோஸ்கோப்புக்கு ஒரு பெண் என்று உட்கார்ந்திருப்பார்களாம். இன்று அந்த வேலையை எந்திரம் செய்கிறது. ஒருவரே பல எந்திரங்களைக் கவனித்துக்கொள்கிறார். போட்ட பணத்துக்கு வேலை அதே விகிதத்தில் வராது. உங்கள் தாமான் பிள்ளைகள் எந்திரம் பழுது பார்க்கும் டெக்னீஷியன் படிப்புப் பக்கம் பார்க்கட்டும்.

பத்து வருடமாக ஒரே பேக்டரியில் காவலாளி. முதல் நான்கு வருடம் பேக்டரி சம்பளம், இப்போது செக்கியூரிட்டி கம்பெனி சம்பளம். நான் எந்தத் துறையில் சேர்வேன்? (பிறை)

எனக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி. நீங்கள் நின்ற கேட் மாறவில்லை, துறை மாறிவிட்டது. நிறுவனங்களிடம் எடுக்கும் கணக்கில் யார் சம்பளம் கொடுக்கிறாரோ அவர் துறையில்தான் ஆள் சேர்வார். பேக்டரி நேரடியாக வைத்திருந்தபோது நீங்கள் உற்பத்தித் துறை. இப்போது சேவைத் துறை. துப்புரவு, கேன்டீன், ஏஜென்ட் மூலம் லைனில் நிற்கும் ஆபரேட்டர் வரை இதே கதிதான். "உற்பத்தியில் வேலை குறைந்தது, சேவையில் கூடியது" என்று படிக்கும்போது அதில் கொஞ்சம் வெறும் பெயர் மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறியதில் மருத்துவ கார்டும் போனஸும் போயிருந்தால் அது எந்த அட்டவணையிலும் தெரியாது.

மகன் பட்டதாரி, கிரேப் (செயலி வழி வாடகைக் கார்) ஓட்டுகிறான். வேலையில்லாதவர் பட்டியலில் அவன் இருக்கிறானா? (கெளுகோர்)

இல்லை. கணக்கெடுக்கும் வாரத்தில் சம்பளத்துக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே வேலையில் இருப்பவர் என்பது விதி. மலேசியா கண்டுபிடித்ததல்ல, உலகம் முழுக்க இதுதான். 2020-ல் 4.5 சதவீதமாக இருந்த நாட்டின் வேலையின்மை விகிதம் 2023-ல் 3.4-க்கு இறங்கியது. இறங்கியது உண்மை. அதில் உங்கள் மகனும் ஒரு புள்ளி. படித்த படிப்புக்குக் கீழான வேலையில் இருப்பவர்களைப் புள்ளிவிவரத் துறை தனியாகக் கணக்கிடுகிறது: உயர்கல்வி முடித்து வேலை செய்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். வேலையின்மை விகிதத்தைவிட நான் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

வீடு பக்கத்து மாநிலமான கெடாவின் சுங்கை பட்டாணி, வேலை பினாங்கின் பாயான் லெப்பாஸ். நான் கெடாவா, பினாங்கா? (தினமும் பேக்டரி பஸ்)

வீடு வீடாக எடுக்கும் கணக்கில் கெடா. நிறுவனக் கணக்கில் பினாங்கு. இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை என்று யாராவது சண்டை போட்டால் உங்கள் பஸ்ஸைக் காட்டுங்கள்.

19 வருட சர்வீஸ். வி.எஸ்.எஸ். (இழப்பீட்டோடு விருப்ப விலகல் திட்டம்) கொடுக்கப்போகிறார்களாம். "நீங்களே ராஜினாமா எழுதிக்கொடுங்கள், சுலபம்" என்கிறார் மேனேஜர். சம்பளம் 3,200 வெள்ளி. (நிபோங் திபால்)

எழுதாதீர்கள். நீங்களாக விலகினால் சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை காப்புறுதியில் ஒரு காசு வராது. ஆட்குறைப்பு என்றாலும் வி.எஸ்.எஸ். என்றாலும் கேட்கலாம். முதல் மாதம் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டாம் மாதம் 50, பிறகு படிப்படியாக 30 வரை இறங்கும். வேலை போன நாளிலிருந்து 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். "அடுத்த வேலை வந்துவிடும்" என்று காத்திருந்தே நாள் போய்விடும்.

இன்னொன்று. 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குபவரை ஆட்குறைப்பு செய்தால், ஐந்து வருடம் தாண்டியவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் என்பது 1980 விதிமுறை. உங்களுக்கு 380 நாள் சம்பளம். வி.எஸ்.எஸ். தொகையை இந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள். குறைவாக இருந்தால் கையெழுத்துக்கு முன் தொழிலாளர் இலாகாவுக்கு ஒரு நடை போய்வாருங்கள். கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.