முழங்கால் ஜவ்வு ஆபரேஷன் முடிந்த லேப்ரடார் பத்தாம் நாளே துள்ளுகிறது, அவிழ்த்து விடலாமா?

கூடாது. துள்ளுவது குணமானதால் அல்ல, வலி மாத்திரை வேலை செய்வதால். எலும்பை வெட்டி பிளேட் வைத்திருந்தால் அந்த எலும்பு ஒன்றுசேர ஏறக்குறைய 8 வாரம் ஆகும். எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொன்ன பிறகுதான் ஓட்டமெல்லாம்.

அதுவரை கூண்டு அல்லது சோபா, கட்டில் இல்லாத சின்ன அறை. முதல் 2 வாரம் சிறுநீர், மலம் கழிக்க மட்டும் 5 நிமிடம், குட்டைக் கயிற்றில். பின்னங்கால்களுக்கு முன்னால் வயிற்றடியில் துண்டைக் கொடுத்துத் தாங்குங்கள். பிறகு டாக்டர் சம்மதித்தால் வாரம் 5 நிமிடம் கூட்டலாம். மெதுவாக நடத்துங்கள், வேகமாகப் போனால் நாய் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடிவிடும், தசை தேறாது.

நம் வீட்டு டைல்ஸ் தரைதான் பெரிய வில்லன். ரப்பர் மேட் விரியுங்கள், பாதத்தடியில் வளர்ந்த முடியை வெட்டுங்கள். தையலை நக்காமலிருக்கக் கழுத்துக்கூம்பு இரவிலும் வேண்டும்.

சாப்பாட்டைக் கால்வாசி குறைத்து, ஒரு பகுதியைத் துணியில் சுருட்டி மோப்பம் பிடித்து எடுக்க விடுங்கள். நாய் களைத்துத் தூங்கும். அப்படியும் அடங்காவிட்டால் அமைதிப்படுத்தும் மாத்திரையை டாக்டரிடமே கேளுங்கள். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் கொடுக்கவே கூடாது. ஊன்றிக்கொண்டிருந்த காலைத் திடீரெனத் தூக்கினால் அன்றே காட்டுங்கள்.